ஜவுளிக்கடையில் சேலை எடுக்கப் போகிறீர்களா? காட்டுகிறவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்

தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டு செக்‌ஷனில் பல வருஷம் நின்றவன் நான். இப்போது தென்காசியில் சின்னதாக ஒரு சேலைக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜவுளி என்று வந்தால் என் கடையைத் தாண்டித்தான் ஊர்க்காரர்கள் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். சரி, போகட்டும். அங்கே கவுண்டரில் நிற்பவர்களில் பாதிப்பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள். இதை மரியாதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் வைப்பேன். “நீங்க காட்டுங்க, பார்க்கலாம்” என்று உட்கார்ந்துவிட்டால், அவர் உங்கள் செருப்பையும் கழுத்தையும் பார்த்து ஒரு விலையை ஊகிக்க வேண்டும். ஊகம் மேலே போனால் “எங்க தலையில கட்டப் பார்க்கிறியா?” கீழே போனால் “எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?” இரண்டுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்தான். “எட்டாயிரத்துக்குள்ள, பொண்ணோட சித்திக்கு, அரக்கு மட்டும் வேண்டாம்” என்று சொன்னால் போதும். நாற்பது சேலை பிரிக்க வேண்டிய இடத்தில் பத்தில் வேலை முடியும்.

அந்தப் பிரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டுச்சேலை ஐந்தரை மீட்டர் இருக்கும், ரவிக்கைத் துணி தனி. உதறி விரிக்க அரை நிமிஷம் ஆகாது. திரும்ப மடிப்பதுதான் பாடு. பார்டரோடு பார்டர் சேர வேண்டும், ஜரிகை ஒடியக் கூடாது, முந்தி வெளியே தெரிய வேண்டும். முறையாக மடிக்க இரண்டு பேர் வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டாவது ஆள் எங்கே கிடைப்பார்? குவியல் அப்படியே ஏறிக்கொண்டே போகும். ஷட்டரை இறக்கின பிறகு எல்லாவற்றையும் மடித்து ரேக்கில் அடுக்கிவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போக முடியும். அதற்குள் அங்கே சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

அதனால் முந்தியும் உடல் பகுதியும் தெரிகிற அளவுக்கு விரித்தால் போதும் என்று நீங்களே சொல்லுங்கள். பிடிக்காததை அந்த நிமிஷமே “இது வேண்டாம்” என்று தள்ளிவிடுங்கள். இடைவெளி கிடைக்கும்போது அவர் மடித்துக்கொள்வார். “எதுக்கும் இருக்கட்டும்” என்று ஓரமாக வைக்கச் சொல்வது மூன்றைத் தாண்ட வேண்டாம். கூட வந்த அத்தைக்கும் மதினிக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும்; அந்தச் சண்டையைச் சேலை விரிப்பதற்கு முன்னால் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது உத்தமம்.

வாங்கப் போவதில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். “ஒரு ரவுண்டு பார்த்துட்டு வர்றோம்” என்று கிளம்பினவர்கள் திரும்பி வந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. ஆனால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த நாலு சேலையைத் தனியாக எடுத்து வைத்துக் காத்திருப்போம். “மனசுக்கு அமையலை தம்பி, நன்றி” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேலையை முடிவு செய்ததும், காட்டினவரே சீட்டு எழுதட்டும். பல கடைகளில் அந்தச் சீட்டில் விற்றவருடைய நம்பர் ஏறும், இன்சென்டிவ் அந்த நம்பருக்குத்தான் போகும். ஒரு மணி நேரம் காட்டினவர் சாப்பிடப் போயிருக்கலாம். அப்போது வேறொருவர் சீட்டுப் போட வந்தால், “அந்த அண்ணன்தான் காட்டினார், அவர் நம்பரைப் போடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கூப்பிடும்போது சொடக்குப் போடாதீர்கள். தம்பி, அண்ணே, அக்கா, எது வாய்க்கு வருகிறதோ அது போதும். ‘எடு’, ‘விரி’ என்பது ‘எடுங்க’, ‘விரிங்க’ என்று வரட்டும், பதினெட்டு வயதுப் பிள்ளையிடமும்தான். சட்டையில் குத்தியிருக்கிற பெயரைப் படித்துக் கூப்பிடுவது சிலருக்குப் பிடிக்கும். ஐம்பது வயதுக்காரரை ஒரு கல்லூரிப் பையன் மொட்டையாகப் பெயர் சொல்லி அழைப்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடிந்ததில்லை.

அப்புறம் உட்காருகிற விஷயம். நான் வேலை பார்த்த காலத்தில் கூட்டம் இல்லாத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது. ரேக்கில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைப்பார். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் இதற்காகப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். ஆகவே நீங்கள் உள்ளே நுழையும்போது ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் “வாடிக்கையாளர் வந்திருக்கோம், உட்கார்ந்திருக்கு பாரு” என்று முனகாதீர்கள். அவர் எழுந்து வருவார், இரண்டு நொடி பொறுங்கள். சேலை காட்டிக்கொண்டிருப்பவரை “நீயும் உக்காருப்பா” என்று வற்புறுத்தவும் வேண்டாம். மேலே கேமரா இருக்கிறது, திட்டு அவருக்குத்தான். ஸ்டூலே கண்ணில் படவில்லையா? அதை மேனேஜரிடம் கேளுங்கள். ஊழியர் கேட்டால் வம்பாகிவிடும். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி காதுக்குப் போகும்.

விலை, தள்ளுபடி, மாற்றிக் கொடுப்பது எதுவும் கவுண்டரில் நிற்பவர் கையில் இல்லை. செல்போனில் வேறு கடை விலையைக் காட்டி அவரிடம் வாதாடி எந்தப் பயனும் இல்லை. வாசலில் பில்லைக் கேட்கிற செக்யூரிட்டியும் உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, காட்டிவிட்டுப் போங்கள். கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது முகூர்த்தப்பட்டு பார்க்க உட்காராதீர்கள்.

நன்றாகக் காட்டினவருக்கு ஏதாவது செய்யத் தோன்றினால் கையில் பணத்தைத் திணிக்க வேண்டாம், பல கடைகளில் அதை வாங்கினால் அவருக்குத்தான் கேள்வி வரும். போகிற வழியில் சூப்பர்வைசரை நிறுத்தி, “மூணாவது கவுண்டர்ல இருக்கிற தம்பி பொறுமையா காட்டினார்” என்று அந்தத் தம்பியின் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போங்கள்.