எங்கள் முதியோர் இல்லத்தில் சொறி பரவியபோது

நான் மேற்பார்வை பார்க்கும் முதியோர் இல்லத்தில் முதலில் சொறியத் தொடங்கியது ஒரு பாட்டி. வயசானால் தோல் வறளும் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டோம். ஒரு மாதம் கழித்து அந்த ஹாலில் பாதிப் பேருக்கு ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் வந்து பாட்டியின் விரலிடுக்கை விரித்துக் காட்டினார். பென்சிலால் கீறியது போல மெல்லிய கோடு. ஸ்கேபிஸ், அதாவது தோலுக்குள் துளைத்து வாழும் மிகச் சிறிய பூச்சியால் வரும் சொறி.

முதல் தடவை, சொறிகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் கிரீம் பூசினோம். அதுதான் தப்பு. முதன்முறை தொற்றினால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் பூச்சி பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கும். திரும்ப வந்துவிட்டது. பாட்டியைத் தொடவே ஆயாக்கள் தயங்கினார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒரே நாள் குறித்தோம். தாத்தா பாட்டிகள், ஆயாக்கள், சமையல்காரர், நான், எல்லாருக்கும் ஒரே ராத்திரி 5% கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. முதியவர்களுக்கு டாக்டர் சொன்னபடி தலை, முகத்திலும், கண், வாயைத் தவிர்த்து. நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும் தடவினோம். கை கழுவியவர்களுக்கு மறுபடி பூசினோம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காலையில் குளியல். துணி, போர்வை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கினோம். 8-ஆம் நாள் இரண்டாம் பூச்சு.

அதன்பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். பயந்து கிரீமை மேலும் மேலும் பூச வேண்டாம். இப்போது யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் விரலிடுக்கைப் பார்த்துவிடுகிறேன்.