நாடகப் புத்தகம் படிப்பது எப்படி? குன்னூர் மழைக்கு ஒரு நகைச்சுவை

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மண் சரிவுக்குப் பயந்து மலை ரயிலையே நிறுத்திவிடுவார்கள். கரண்ட்டையும் நம்ப முடியாது. நாடகம் படிக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது. இதுவரை படித்ததே இல்லையா? நகைச்சுவையில் ஆரம்பியுங்கள். 'மனோன்மணீயம்' மாதிரியான செய்யுள் நாடகம் எங்கும் ஓடிவிடாது.

முதலில் புத்தகம். என் சிபாரிசு பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் இவர். வக்கீலாக இருந்து நீதிபதியும் ஆனார். இவருடைய நாடகங்கள் பல மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டவர் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 'சபாபதி'யில் எஜமானன் பெயர் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரிப்பில் படமாகவும் வந்தது. படத்தை அப்புறம் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் அதில் நடித்த டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் மனதில் உட்கார்ந்துகொள்வார்கள். நீங்களாக ஒரு சபாபதியை உருவாக்க முடியாது.

அடுத்து, பாத்திரப் பட்டியல். பலரும் தாண்டிப் போகிற பக்கம் இது. பழைய பதிப்புகளில் பேசுகிறவர் பெயரைச் சுருக்கி ஓரிரு எழுத்தில் போட்டிருப்பார்கள். யார் எவர் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

சரி, மேடை? 'இடம்: இன்னார் வீடு' என்று ஒரு வரிதான் இருக்கும். மிச்ச வீட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். எனக்கு டீ டம்ளர்தான் எஜமானன், டீயோடு தின்கிற வர்க்கி வேலைக்காரன், மூக்குக் கண்ணாடிக் கூடு வாசல். யார் உள்ளே வருகிறார், யார் போகிறார் என்பதற்கேற்ப நகர்த்திக்கொண்டே படிப்பேன். (பாதிக் காட்சியில் வேலைக்காரன் தின்னப்படுவதும் உண்டு.)

இனிதான் முக்கியமான வேலை: அடைப்புக்குறிக்குள் இருப்பதை நின்று படிப்பது. உதாரணத்துக்கு நானே எழுதியது:

முதலாளி: கதவைச் சாத்திட்டு வாடா.
ஆள்: (சாத்திவிட்டு, வெளியே நின்று) எப்படிங்க வர்றது?

கண்ணால் ஓட்டினால் சாதாரண ஜோக். 'வெளியே நின்று' என்ற இடத்தில் நிறுத்துங்கள். ஆள் போய்விட்டான், முதலாளி மூடிய கதவையே பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு நொடிதான் சிரிப்பு. பதில் வரி அதற்கப்புறம்தான். நகைச்சுவையில் பேசாமல் இருக்கிற ஆளையும் கவனிக்கப் பழகுங்கள்: அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? பாதி வேடிக்கை அங்கேதான்.

இரண்டாம் வாசிப்பு சத்தமாக. வீட்டில் ஆள் இருந்தால் வேடத்தைப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு சபாபதியையும் ஒருவரே படிக்கக் கூடாது, குழம்பிவிடும். வேலைக்காரனைப் பத்து வயதுப் பையனிடம் விடலாம். சொன்னதை அப்படியே, அதை மட்டும் செய்வதற்கு அவனுக்கு ஒத்திகை வேண்டாம்.

மழை விடவில்லை என்றால் அடுத்தது சோ ராமசாமியின் 'முகமது பின் துக்ளக்'. அரசியல் நையாண்டி. பாத்திரங்கள் அதிகம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட வேண்டியிருக்கும்.