மழை, வெயில், நிலத்தடி நீர் ரெக்கார்டை வெச்சு க்ளைமேட் பேசுறப்ப பண்ற தப்புகள்

பத்து வருஷ மழை டேட்டாவை எக்செல்ல போட்டு ஒரு ட்ரெண்ட் லைன் இழுத்து "இந்த ஏரியால க்ளைமேட் மாறிடுச்சு"ன்னு முடிச்சிடுறாங்க பாருங்க, அதான் முதல் தப்பு. உலக வானிலை அமைப்பு சராசரி எடுக்கவே 30 வருஷம் கேக்குது, இப்ப புழக்கத்துல இருக்கறது 1991–2020, நீண்டகால மாற்றத்துக்கு ஒப்பிட 1961–1990ஐயும் வெச்சிருக்காங்க, அதனால எதோட ஒப்பிடுறோம்னு சொல்லாம "சராசரியை விட கம்மி"ன்னு எழுதினா அது வெறும் பேச்சு. ஆரம்பிக்கிற வருஷமும் முக்கியம். எல் நினோவால (பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகுற நிலை) கொதிச்ச 1998ல இருந்து கோடு இழுத்து "சூடு ஏறவே இல்ல"ன்னு சாதிச்சவங்க நிறைய பேர்.

மழை டேட்டால விடுபட்ட நாளை 0ன்னு போட்டுடறது ரொம்ப சகஜம். அளக்காத நாளும் மழை பெய்யாத நாளும் ஒண்ணு இல்லீங்க. சில ஃபைல்ல விடுபட்டதுக்கு -999ன்னு குறிச்சிருப்பாங்க, அதையும் சேர்த்து கூட்டி மாச மழை மைனஸ்ல வந்தப்புறம் முழிக்கறவங்களும் உண்டு. அப்புறம் வருஷ மொத்தத்தை மட்டும் பாக்காதீங்க, காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், அதனால மொத்தம் மாறாமலே மழை நாள் குறைஞ்சு பெய்யுற நாள்ல கொட்டித் தீர்க்கலாம்.

டெம்பரேச்சர்ல அதை அளக்குற வானிலை ஸ்டேஷனோட வரலாறு தெரியாம எதுவும் சொல்ல முடியாது. கருவியை மாத்தினாங்களா, இடம் மாத்தினாங்களா, சுத்தி கட்டடம் வந்துச்சா, அளக்குற நேரம் மாறிச்சான்னு பாக்கணும், பக்கத்து ஸ்டேஷன்ல இல்லாத தாவல் இதுல மட்டும் திடீர்னு இருந்தா அது பெரும்பாலும் க்ளைமேட் இல்ல. அதிகபட்சத்தையும் குறைஞ்சபட்சத்தையும் தனித்தனியா பாருங்க, கான்கிரீட் பெருகுன இடத்துல ராத்திரி வெப்பம்தான் அதிகமா ஏறும்.

பெரிய குழப்பம் நிலத்தடி நீர்லதான். மொதல்ல, ரெக்கார்டுல இருக்கறது பெரும்பாலும் தரையில இருந்து தண்ணி வரைக்குமான ஆழம், நம்பர் ஏறினா தண்ணி இறங்குதுன்னு அர்த்தம், இதைக் கவனிக்காம கிராஃபைத் தலைகீழா படிச்சிட்டு "மட்டம் உயர்ந்திருக்கு"ன்னு சந்தோஷப்படறாங்க. மழைக்கு முன்னாடி எடுத்த அளவை மழைக்குப் பின்னாடி எடுத்ததோட ஒப்பிடக் கூடாது. திறந்த கிணறையும் ஆழ போர்வெல்லையும் ஒரே சராசரில கலக்காதீங்க, மேல இருக்குற தண்ணி மழைக்கு சீக்கிரம் ஏறும், ஆழத்துல இருக்கறதுக்கு சில சமயம் வருஷக்கணக்கா ஆகும். இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல, வறண்டு போன கிணறு ரெக்கார்டுல இருந்து காணாமப் போயிடும், மிச்சம் இருக்கற நல்ல கிணறுகளை மட்டும் சராசரி எடுத்தா நிலைமை தேறின மாதிரி தெரியும்!

மட்டம் இறங்கினாலே மழை குறைஞ்சுதுன்னு சொல்றதும் அவசரம்தான். நல்லா மழை பெஞ்ச வருஷத்துல கூட உறிஞ்சறது ஊறறதை மிஞ்சினா மட்டம் இறங்கும், அதனால பம்ப் எவ்வளவு ஓடுதுங்கற கணக்கோ, அது இல்லேன்னா பாசனப் பரப்பாவது கையில இல்லாம பழியை க்ளைமேட் மேல போட்டா அது நியாயமில்ல. சாட்டிலைட் இருக்கேன்னு கிரேஸ் (பூமியோட ஈர்ப்பு விசை மாறுறதை வெச்சு தண்ணி அளவைக் கணிக்கிற சாட்டிலைட்) டேட்டாவை எடுத்து ஒரு கிராமத்தைப் பத்தி பேசறதும் வேலைக்காகாது, 2002ல இருந்து வர்ற அது சில நூறு கிலோமீட்டர் அளவுலதான் பேசும், அதுவும் நிலத்தடி நீரை மட்டும் இல்ல, மண் ஈரம், ஏரி எல்லாத்தையும் சேர்த்துத்தான் காட்டும், மத்ததையெல்லாம் கழிச்சாதான் நிலத்தடி நீர் கிடைக்கும்.