ஆண்டுக் கடைசியில் ஹார்ட் டிஸ்க்கைத் திறப்பது எப்படி: இன்னும் முதல் படம் எடுக்காதவர்களுக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கிப் போகிப் பண்டிகைக்குள் முடித்துவிட வேண்டிய ஒரு வேலையைப் பற்றி, அதாவது அந்த ஆண்டில் எடுத்ததையெல்லாம் எண்ணிப் பார்த்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவதைப் பற்றி, எழுதுகிறேன். சினிமா எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு, வயிற்றுப்பாட்டுக்கு வேறு ஏதோ ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் கைபேசியையோ இரவல் கேமராவையோ தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு ஆண்டு முடியும்போது இரண்டு விதமான மயக்கம் வருவதுண்டு. ஒன்றுமே செய்யவில்லை என்று ஒரு நாள் தோன்றும். எவ்வளவோ செய்துவிட்டோம் என்று மறுநாள் தோன்றும். இரண்டுமே மனநிலையைப் பொறுத்தவை. ஹார்ட் டிஸ்க்குக்கு மனநிலை கிடையாது என்பதால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

போகிக்குள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வடசென்னையில், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருப்பவர்களுக்குப் போகியன்று அதிகாலைப் புகையில் எதிர்வீட்டு வாசல் தெரியாது. அதைத் தொடர்ந்து பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், உறவினர் வருகை என்று ஒரு வாரம் கரைந்துவிடும். பிறகு உட்கார்ந்தால் பழைய ஆண்டு ஏற்கெனவே பழங்கதையாகிவிட்டிருக்கும். எனவே அதற்கு முன்பாக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஹார்ட் டிஸ்க்குகள், மெமரி கார்டுகள், ஆண்டு முழுவதும் கிறுக்கிய நோட்டுப் புத்தகங்கள், யுபிஐ செலவுக் கணக்கு, புதிதாக ஒரு நோட்டு ஆகியவை போதும்.

எடுத்ததை எண்ணுதல்

அந்த ஆண்டில் எடுத்த எல்லாக் கிளிப்புகளையும் மூன்று ஃபோல்டர்களாகப் பிரியுங்கள். எடிட் முடித்து நான்கு பேருக்காவது போட்டுக் காட்டியவை ஒன்றில், பாதியில் நின்றவை இன்னொன்றில், எந்த நோக்கமும் இல்லாமல் அழகாக இருந்ததே என்று எடுத்தவை மூன்றாவதில் இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது ஃபோல்டர்தான் வீங்கியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, ஒவ்வொரு கிளிப்பையும் பத்து விநாடி ஓடவிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதே இடத்தில், இதே நேரத்தில், வெளியூரிலிருந்து முதன்முறையாக வந்த ஒருவர் நின்றிருந்தால் இதையேதான் எடுத்திருப்பாரா? ஆம் என்றால் நோட்டில் ஒரு பெருக்கல் குறி. இல்லை என்றால் ஒரு டிக். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைச் செய்வதில் பயனில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அந்த ஆண்டில் பதினோரு முறை போயிருந்தேன். நம் கரை கிழக்கு நோக்கியது என்பதால் கடலிலிருந்தே சூரியன் எழும். முன்னால் விசைப்படகுகளின் கொடிகள் கறுப்பாக ஆடும். எவர் எடுத்தாலும் அந்த ஷாட் நன்றாகவே வரும். என்னிடம் அந்த ஷாட் மட்டும் முப்பத்தெட்டு இருந்தது. விடிவதற்கு முன்பே முடிந்துவிடும் ஏலத்தில் ஒரு கிளிப்கூட இல்லை. நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு காலையில், காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “இன்னா தம்பி, தெனிக்கும் வந்து சூரியனையே புடிச்சினு கீற, மீனை எப்பத்தான் புடிப்ப?” என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். டிசம்பரில் அந்த முப்பத்தெட்டையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் அவர் கேட்டது உறைத்தது.

தற்செயலாக டிக் வாங்கிய ஒரே கிளிப், ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து கேமராவைக் கீழே தொங்கவிட்டபோது பதிவானது. நொறுக்கிய ஐஸை மண்வெட்டியால் அள்ளிப் பெட்டிக்குள் கொட்டும் ஒரு கை, அந்த மணிக்கட்டில் ஈரத்தில் ஊறிச் சாயம் போன ஒரு கயிறு, ஒவ்வொரு முறை அள்ளுவதற்கு முன்பும் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொள்ளும் பழக்கம். ஃபோகஸ் சரியில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாத்திரம் அந்தக் கைதான்.

வடசென்னைக்காரர்கள் இந்தச் சோதனையைக் கூடுதல் கறாராகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பகுதியைத் திரையில் காட்டியவர்கள் பலர் கத்தியையும், கேரம் போர்டையும், சந்துக்குள் துரத்தலையும் திரும்பத் திரும்பக் காட்டியதில், இங்கேயே பிறந்து வளர்ந்தவனும் கேமராவை எடுத்தவுடன் அவற்றையே தேடுகிறான். அவை இங்கே இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குக் குடிநீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துவிட்டு, தன் குடம் எது என்று அடையாளம் தெரிவதற்காக அதில் ரிப்பன் கட்டி வைக்கிற பாட்டியும் இதே சந்தில்தான் இருக்கிறார் என்பதே என் வழக்கு.

நின்றுபோனது ஏன்

பாதியில் நின்ற படங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் நின்ற காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘நேரம் கிடைக்கவில்லை’, ‘பணம் இல்லை’ என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் அனுமதி இல்லை என்று முன்கூட்டியே உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். அவற்றை விலக்கினால்தான் உண்மையான காரணம் வெளியே வரும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்குள் நான் எடுத்த ஒன்பது நிமிடப் படம் நின்றதற்குப் பணம் காரணமில்லை என்பது எழுதிப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. கடையில் பழைய டியூப் லைட். கைபேசி கேமராவின் எல்லா அமைப்புகளையும் ஆட்டோமேட்டிக்கில் விட்டிருந்தேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இத்தகைய விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 விநாடி என்று இருந்தால் அந்த மினுக்கம் தெரியாது, 1/60 போன்றவற்றுக்குப் போனால் பிம்பத்தின் மீது பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். என் படம் முழுவதும் பட்டைகள். போதாததற்குக் கைபேசிகள் பலவும் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாகப் பதிவதில்லை. தனியாகப் பதிவு செய்த ஒலியை எடிட்டில் சேர்த்தபோது, முதல் நிமிடத்தில் பொருந்திய உதடு ஐந்தாவது நிமிடத்தில் விலகிப்போனது. ஃபிரேம் எண்ணிக்கையை 24 அல்லது 25 என்று பூட்டிவைக்கும் கேமரா ஆப் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தால், அல்லது எடிட்டுக்கு முன்பே கிளிப்புகளை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றியிருந்தால், இந்தத் தலைவலி வந்திருக்காது.

மூன்றாவது தவறு இன்னும் எளியது. கடையின் வெறும் ஓசையை, யாரும் பேசாமல், அரை நிமிடம் தனியாகப் பதிவுசெய்து வைக்கவில்லை. பின்னால் சரக்கு ரயில் போகிற இடத்தில் ஒரு வசனத்துக்குப் பின்னணியில் ரயில் இருக்கிறது, அடுத்த வசனத்துக்கு இல்லை. வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் காது தடுக்கி விழுகிறது. இனி ஒவ்வொரு லொகேஷனிலும் படப்பிடிப்பு முடிந்தது என்று சொல்வதற்கு முன்பு அனைவரையும் அசையாமல் நிற்கவைத்து அந்த அரை நிமிடத்தைப் பிடித்துவிடுங்கள். ஆக, ‘பணம் இல்லை’ என்று ஓராண்டாக நான் சொல்லிக்கொண்டிருந்த படத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டியவை செலவே இல்லாத மூன்று வேலைகள்.

செலவுக் கணக்கை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. பெட்ரோல், சாப்பாடு, வாடகைச் சாமான், பேட்டா என்று நான்கு தலைப்பில் கூட்டிப் பாருங்கள். உங்களுக்காக வந்து நின்றவர்களில் எவருக்காவது பேட்டா பாக்கி இருந்தால் புத்தாண்டுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

பயணக் குறிப்புகளை வாசித்தல்

ஆண்டில் போய்வந்த ஊர்களுக்கும் அதே பெருக்கல் குறியும் டிக்கும் பொருந்தும். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் எல்லோரும், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பெருக்கல் குறி போட எனக்கு ஐந்து விநாடி போதுமானதாக இருந்தது.

மாறாக, நாற்பது ரூபாய்கூடச் செலவழிக்காமல் போன பழவேற்காடு இன்றுவரை நோட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போய்விடலாம். டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. ஆனால் நான் டிக் போட்டது இவை எதற்கும் இல்லை. திரும்பும்போது அத்திப்பட்டு தாண்டியதும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தவுடன், எதிரே அமர்ந்திருந்த மீன்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்கள். ‘நகரம் எங்கே தொடங்குகிறது என்பதை இவர்கள் புகைபோக்கியை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள்’ என்று அன்று எழுதிய ஒரு வரியிலிருந்துதான் இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை பிறந்தது.

திரைப்பட விழாவுக்குப் போவதும் பயணம்தான். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. சென்னையிலும் அதே மாதத்தை ஒட்டி ஒரு சர்வதேச விழா நடக்கிறது. நாளுக்கு ஐந்து படம் பார்த்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்வதைவிட மூன்று படம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் முதல் ஷாட் எது, எந்த இடத்தில் ஒலி பிம்பத்தை முந்திக்கொண்டு வந்தது, எந்த இடத்தில் எனக்கு அலுப்புத் தட்டியது என்று மூன்று வரி எழுதுவது மேலானது. அலுப்புத் தட்டிய இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள். வெளிநாட்டுப் படம் என்பதற்காக அதை மறைக்க வேண்டாம்.

பயணம் என்றால் தொலைவு என்று எண்ணிவிடாமல், உங்கள் லொகேஷன் நோட்டையும் இதே நாளில் புதுப்பித்துவிடுங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. ஆனால் தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கு 2020-ல் மூடப்பட்டது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தோற்றமே மாறியது. மூன்று ஆண்டுக்கு முன் குறித்து வைத்த தெருவை நம்பிக் காட்சி எழுதினால், படப்பிடிப்பு நாளில் அந்தத் தெரு இருக்காது.

வரும் ஆண்டின் திட்டம்

‘முழுநீளப் படம் எடுக்க வேண்டும்’ என்பதை இலக்காக எழுதாதீர்கள். அது இன்னொருவருடைய பணத்தையும் கால்ஷீட்டையும் பொறுத்தது. உங்கள் கையில் இருப்பதை மட்டும், எண்ணக்கூடிய அளவில் எழுதுங்கள். என்னுடையது இவ்வளவுதான்: பத்து நிமிடத்துக்கு மிகாத ஒரு குறும்படம், இரண்டு லொகேஷன், மூன்று நடிகர்கள், கத்தி கிடையாது; ஒரு முழுநீளக் கதையின் ஒன்லைன் (கதைச் சுருக்கம்); சூரியன் வருவதற்கு முன் எடுத்த இருபது கிளிப்புகள். நேரத்தைக் கணக்கிடும்போது, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஆங்கிலத் திரைக்கதை வழக்கைத் தமிழில் கையால் எழுதிய பக்கங்களுக்குப் பொருத்தாமல், வசனத்தை வாய்விட்டுப் படித்து, நடக்கிற நடையையும் நடந்து பார்த்து, கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் அளவிடுங்கள்.

பிறகு அந்த இலக்குகளை ஊரின் நாட்காட்டியில் பொருத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வெளிப்புறப் படப்பிடிப்பை வைத்துக்கொள்ளாமல், எழுத்துக்கும் எடிட்டுக்கும் ஒதுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும், எஞ்சின் பிரிப்பதும், பலகைக்கு வர்ணம் அடிப்பதும் நடக்கும். மற்ற நாட்களில் உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரமில்லாதவர்கள் அப்போது உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களுக்கு வரும்படி குறைகிற காலமும் அதுவே என்பதால், ஒருவரை அரை நாள் கேமரா முன் உட்காரவைத்தால் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுவதுதான் முறை.

அனுமதி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். ரயில் நிலையம், மெட்ரோ, துறைமுகத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி ஆகியவற்றில் உரிய இடத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கிடைக்காது என்று தெரிந்தால் அந்தக் காட்சியைத் திரைக்கதையிலேயே மாற்றிவிடுங்கள். ட்ரோனுக்கு 2021 விதிகளின்படி வான்பகுதி வண்ணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். தெருவில் எடுப்பதற்கு முதல் நாளே தெருமுனை டீக்கடையில் போய், யார் வீட்டுப் பிள்ளை, என்ன எடுக்கிறோம், எத்தனை மணிக்கு முடிப்போம் என்று சொல்லிவிட்டு வந்தால் பாதிச் சண்டை குறையும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, ‘முடிந்தவை’ ஃபோல்டரையும் டிக் வாங்கிய கிளிப்புகளையும் இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்து, அதை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற பகுதியில் இரண்டு டிஸ்க்கையும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் வைப்பது பாதுகாப்பாகாது. கடைசியாக, சுவரில் மாட்டிய புதிய நாட்காட்டியில் முதல் படப்பிடிப்பு நாளை வட்டமிடுங்கள். நான் வட்டமிட்டிருப்பது ஜனவரி நான்காவது ஞாயிறு, அதிகாலை மூன்று மணி, ஏலக்கூடம். அந்த அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன்; மூன்று மணிக்கு மேல் வந்தால் நல்ல மீன் போய்விடும் என்றார்.