தீயில் வெந்த துப்பாக்கியைக் காட்சிக்கு வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆயுதங்களைப் பேணும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், தீயில் வெந்த துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் ஒரே வகைத் தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கையுறை அணியாமல் தொடுவது, படம் எடுக்காமல் பிரிப்பது போன்றவை ஒருமுறை சொன்னாலே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். 1797 முதல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ‘இந்தியா பேட்டர்ன்’ சக்கிமுக்கித் துப்பாக்கியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

குழல் காலி என்று நம்புவது

தீயில் கிடந்ததால் உள்ளிருந்த மருந்து எரிந்துபோயிருக்கும் என்று கருதாதீர்கள். மரக்குச்சி ஒன்றைக் குழலின் வாய்வழியே அடிவரை விட்டு, வாயோரத்தில் அடையாளமிட்டு, பின்பு குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தீப்பொறி உள்ளே செல்லும் சிறு துளை வரை குச்சி எட்டவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, வெடிமருந்தைக் கையாளத் தெரிந்தவரை அழையுங்கள்.

புகைக்கரியை ஈரத்துணியால் துடைப்பது

வேண்டாம். கரி மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும்.

கிரைண்டரில் கம்பித் தூரிகை

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். வீட்டுத் தீயில் அகப்பட்ட ஒரு துப்பாக்கியின் விசைத்தகட்டை, அதாவது சுடும் பொறி பொருத்தப்பட்ட பக்கத் தகட்டை, ஓர் இளைஞர் மிகுந்த பெருமையோடு என்னிடம் கொண்டுவந்தார். தகடு கண்ணாடிபோல் மின்னியது. சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியான ‘குதிரை’க்கு முன்புறம் கிரீடமும் அதன் கீழ் அரசரின் ‘ஜி.ஆர்.’ எழுத்துகளும், பின்புறம் இலண்டன் கோபுரத்தைக் குறிக்கும் ‘டவர்’ என்ற சொல்லும் இருந்திருக்க வேண்டிய இடங்களில் மங்கலான பள்ளங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. துரு நீங்கியது என்று அவர் மகிழ்ந்தார். அது யாருக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி என்பதைச் சொல்லும் சான்று ஒரு மாலைப் பொழுதில் அழிந்துபோயிருந்தது.

இரும்பு காற்றில் பழுக்கச் சூடாகும்போது அதன் மேல் கருஞ்செதில் படர்கிறது. முத்திரையின் பள்ளங்கள் பெரும்பாலும் அந்தச் செதிலுக்கு அடியில் தப்பிக் கிடக்கின்றன. அவற்றின் ஆழமோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். சுழலும் கம்பிக்குச் செதில் எது, எழுத்தின் விளிம்பு எது என்று தெரியாது. உப்புத்தாளும் அமிலத் தொட்டியும் இதே நாசத்தைச் சற்று மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான். மென்மையான எண்ணெயில் ஊறவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மூங்கில் குச்சியாலும் எலும்புச் சுரண்டியாலும் தளர்ந்ததை மட்டும் எடுங்கள். உறுதியாகப் பற்றியிருக்கும் கருஞ்செதில் அப்படியே இருக்கட்டும். எழுத்து படிக்கக் கிடைத்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

தீயின் தழும்பு பொருளின் வரலாற்றைச் சேர்ந்தது. 1841 அக்டோபர் 30 அன்று இலண்டன் கோபுரத்தின் பெரும் ஆயுதக் கிடங்கு எரிந்தபோது, உருகியும் கருகியும் கிடந்த துண்டுகளையே மக்கள் நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றார்கள்.

எண்ணெய் பூசினால் போதும் என்று நினைப்பது

இன்றைய வீடுகள் எரியும்போது பிவிசி குழாய்களும் மின்கம்பி உறைகளும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடுகின்றன. அது தீயணைப்பு நீரில் கரைந்து அமிலமாகி இரும்பில் தங்கிவிடுகிறது. அந்தக் குளோரைடைக் கழுவி நீக்காமல் எண்ணெயோ மெழுகோ பூசினால், பூச்சுக்கு அடியிலேயே துரு வளரும். மரத்தைப் பிரித்துவிட்டு, இரும்பைக் காரம் சேர்த்த வாலைவடிநீரில் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து, முழுவதும் உலர்த்திய பிறகே நுண்படிக மெழுகைப் பூசுங்கள்.

வெந்த வில்லை (ஸ்பிரிங்கை) இழுத்துப் பார்ப்பது

தீ எஃகின் பதத்தைக் குலைத்திருக்கும், வில் முறியும். குழலின் வலிமையையும் நம்ப முடியாது என்பதால், அதில் சுடும் பேச்சுக்கே இடமில்லை.

கருகிய கட்டையை மாற்றுவது

புதுக் கட்டை பொருத்தினால் பாதித் துப்பாக்கி போய்விடும். தளர்ந்த கரியை அசிட்டோனில் மிக நீர்க்கக் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினால் சிறிது சிறிதாக ஊட்டி உறுதிப்படுத்துங்கள். மேற்பரப்பில் பிசின் தேங்கிப் பளபளத்தால், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம்; தேய்த்தால் கரியும் கூடவே வந்துவிடும்.