படலையில் நின்று பதில் சொன்னவர் யார்?

கிளிநொச்சியில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். குடும்ப அட்டைக்கும் வாக்காளர் இடாப்புக்கும் படலை படலையாக ஏறி இறங்கியவன். போன மாரியில் அமெரிக்காவில் இருக்கும் தங்கையின் மகள் ஒரு வேலை தந்தாள். அவளுடைய கணவரின் முன்னோர் கென்டக்கியில் காடு வெட்டிக் குடியேறியவர்களாம். "மாமா, ஒரே ஆளுக்குக் குடிசன மதிப்பீட்டில் வயது முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. ஒருக்கால் பாருங்கள்" என்றாள். காடு வெட்டிக் குடியேறியவர்களின் கணக்கு எப்படி இருக்கும் என்று வன்னியானுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

பமிலிசேர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி தேடும் இணையத்தளத்தில் இலவசமாகக் கணக்குத் திறந்தால் குடிசன மதிப்பீட்டு மூலத்தாள்களின் படங்களையே பார்க்கலாம். பெயரைத் தேடுவதற்கு முன், எந்த ஆண்டில் என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் இலக்கங்கள். 1850இல்தான் அடிமைகள் அல்லாத எல்லோருக்கும் பெயர் கிடைத்தது. அடிமைகளைத் தனித்தாளில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே, பெரும்பாலும் பெயரில்லாமல், வயது, பால், நிறம் போன்றவற்றைப் போட்டு எழுதினார்கள். உறவுமுறை கேட்டது 1880இல். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் சேதமாகியும், மிச்சம் பின்னர் அழிக்கப்பட்டும் போயிற்று. கென்டக்கிக்கு 1790, 1800 இரண்டுமே இல்லை.

1820ஆம் ஆண்டுத் தாளில் ஒரு பொறி இருக்கிறது. 16 முதல் 18 வயது ஆண்களுக்கு ஒரு கட்டம். அதே ஆண்களை 16 முதல் 26 கட்டத்திலும் மறுபடி சேர்த்திருப்பார்கள். நான் ஒரு பெடியனை இரண்டாக்கி, பிறக்காத அவனுடைய தம்பியை இரண்டு இரவு தேடினேன்.

இனி வயது. ஒவ்வொரு பதிவையும் பிறந்த ஆண்டாக மாற்றி ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கள் ஆள் 1820இல் 26 முதல் 45 கட்டம். அப்படியானால் 1775க்கும் 1794க்கும் இடையில் பிறந்தவர். 1830இல் 40 முதல் 50, 1840இல் 50 முதல் 60; இரண்டும் 1780–1790 என்கின்றன. 1850இல் மட்டும் வயது 57, அதாவது 1793 அளவில். மருமகள் இந்த 57ஐத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், எண்ணாக எழுதியிருக்கிறதே என்று. நான் அதைத்தான் முதலில் சந்தேகித்தேன். எண்ணாக எழுதியிருப்பதால் அது சரியாகிவிடாது. நான் எழுதிய எத்தனையோ வயதுகள், வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தபோது அந்த வீட்டு மருமகளோ அயலவரோ சொன்னவை. "புயலடித்த வருசம் நடக்கப் பழகினவர்" என்பார்கள். நான் 1964இலிருந்து கழித்து ஒரு வயது போடுவேன்.

இன்னொரு சாட்சி வரி இடாப்பு. கென்டக்கியில் அடிமைகள் அல்லாத, 21 வயது தாண்டிய ஆண்கள் அதில் ஆண்டுதோறும் வருவார்கள். எங்கள் ஆள் 1811இலேயே இருக்கிறார். ஆகவே 1790க்குப் பின் பிறந்திருக்க முடியாது. 57 விழுந்துவிட்டது.

மனைவியின் கட்டத்தையும் விடாதீர்கள். 1830இல் அந்த வீட்டில் 30 முதல் 40 வயதுப் பெண் ஒருத்தி. பத்து ஆண்டு கழித்து 20 முதல் 30 வயதுப் பெண். எந்தப் பெண்ணுக்கும் வயது இப்படி இறங்காது. 1850இல் மனைவியின் இடத்தில் இருப்பவருக்கு 38, மூத்த மகனுக்கு 25. பதின்மூன்று வயதில் பெற்றாளா? 1830க்கும் 1840க்கும் நடுவில் முதல் மனைவி போய் இரண்டாவது வந்திருக்கிறாள் என்பதே என் முடிவு.

குடும்பம் கவுண்டி (எங்கள் மாவட்டம் போல, மாநிலத்துக்குள் ஒரு பிரிவு) மாறியிருந்தால் உடனே வண்டி கட்டிவிடாதீர்கள். கென்டக்கி முழுவதும் முதலில் வர்ஜீனியாவின் ஒரே கவுண்டி. 1780இல் மூன்றாகப் பிரிந்தது, 1792இல் தனி மாநிலம் ஆனபோது ஒன்பது, இன்று 120. என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம், 1984க்குப் பின் பிறந்த என் மகனுடையதில் கிளிநொச்சி மாவட்டம். வீடு அதே வீடு, கிணறும் அதே கிணறு. காணி உறுதியில் வரும் ஓடையின் பெயரைப் பாருங்கள். அது மாறாவிட்டால் ஆளும் நகரவில்லை.

ஒரே பெயரில் இருவர் இருந்து, ஒருவருக்கு மூத்தவர், மற்றவருக்கு இளையவர் என்று போட்டிருந்தால் தகப்பனும் மகனும் என்று எடுத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெரிய கந்தையா, சின்னக் கந்தையா என்பதுபோலத்தான் அது. சொந்தமே இல்லாமலும் இருக்கலாம். அவர்களைப் பிரித்தறிய அயலவர்களின் பெயர்களை மேலே பத்து, கீழே பத்து எழுதிவைத்து அடுத்த பதிவோடு ஒப்பிடுங்கள். ஆனால் பக்கம் முழுவதும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாக இருந்தால், யாரோ அகரவரிசைப்படி திருப்பி எழுதிய பிரதி அது. அங்கே அயலவர் கணக்கு செல்லாது.

மருமகளிடம் கவுண்டி நீதிமன்றத்தின் திருமணப் பதிவுகளில் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 1830க்கும் 1840க்கும் நடுவில் ஒன்று, 1825க்கு முன்னால் ஒன்று. 1825க்கு முந்திய அந்தப் பதிவு கிடைக்கும்வரை, அந்த முதல் மனைவி 1830ஆம் ஆண்டுத் தாளில் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் '1' மட்டும்தான்.