அய்யனாரைப் பார்க்கப் போகிறீர்களா?

புதுக்கோட்டைப் பக்கம் சுற்ற வருகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்து, திருமயம் கோட்டையில் ஏறி இறங்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில்தான் நமணசமுத்திரம், அங்கே அய்யனார் கோயிலில் நூற்றுக்கணக்கான மண்குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன, அதற்கு இறங்குகிறவர்கள் குறைவு. நீங்கள் இறங்குங்கள். காரைக்குடி பஸ் அந்த வழிதான்.

எந்த நாளில் போவது? சும்மா கிடக்கும் கோயிலைப் பார்க்க எந்த நாளும் சரி, காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் நல்லது. ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது புரவியெடுப்பு, புதுசாகச் செய்த மண்குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் அய்யனாருக்கு வைக்கும் திருவிழா. அதற்குக் காலண்டரில் தேதி இருக்காது. ஊர் கூடிப் பேசி, மழை, விளைச்சல், கையிருப்பு எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள், சில ஊர்களில் பல வருடம் நடக்காமலே கிடக்கும். டீக்கடையில் கேளுங்கள், இல்லையென்றால் நேராக மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போங்கள். குதிரை செய்வது அவர்கள்தான், பல கோயில்களில் பூசாரியும் அவர்களே. ஊர்க்காரர்கள் பிடிமண், அதாவது வேலையைத் தொடங்கச் சொல்லி ஒரு பிடி மண், எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள், ஆகவே எந்த ஊரில் பிடிமண் கொடுத்தாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. சூளையில் வெந்து, வண்ணம் பூசி, கண் திறந்து, மாலை போட்டு, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது கூடவே நடந்து பாருங்கள், மேளச் சத்தம் இரண்டு நாளைக்குக் காதில் இருக்கும்.

தேதி நிச்சயமாக வேண்டும் என்கிறவர்களுக்கு மாசிமகம் இருக்கிறது. கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் முப்பது அடிக்கும் மேல் உயரமான குதிரை, அதன் கழுத்திலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற காகிதப்பூ மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாத்துவார்கள். கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போனால் முதலில் செருப்பு. கோபுரமோ மதிலோ இல்லாத கோயிலில் எங்கே கழற்றுவது என்று குழப்பம் வரும், மற்ற செருப்புகள் கிடக்கும் இடத்தைப் பார்த்துக் கழற்றுங்கள், ஆளே இல்லையென்றால் முதல் குதிரைக்கு முன்னாலேயே கழற்றிவிடுங்கள். உடைந்து கிடக்கும் குதிரைக்காது அழகாக இருக்கிறதே என்று பையில் போடக் கூடாது. நேர்ந்துவிட்டது நேர்ந்துவிட்டதுதான், அது அங்கேயே மண்ணாகப் போகட்டும். கோயில்காட்டுச் சுள்ளியும் அப்படித்தான். நான் ஒருமுறை ஒரு உடைந்த ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கே ஒரு அப்பத்தா போட்ட சத்தத்தில் கண்மாய்க்கரை வரைக்கும் நடந்துவிட்டேன்.

அய்யனாருக்குத் தேங்காய், பழம், சூடம், பொங்கல். சுருட்டும் சாராயமும் கிடாயும் பக்கத்தில் நிற்கும் காவல் தெய்வம் கருப்பருக்கு. கிடா வெட்டும்போது பல இடங்களில் அய்யனார் முன் திரை போட்டுவிடுவார்கள், அதைப் பார்த்தாலே யார் சைவம், யார் அசைவம் என்று புரிந்துவிடும். சில சன்னதிகளுக்குப் பெண்கள் போவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டு போவதே வம்பில்லாதது. குதிரைகளைப் படம் எடுக்க யாரும் பெரும்பாலும் தடுப்பதில்லை. அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேராக மட்டும் போனை நீட்டாதீர்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி: "நீங்க எந்த ஊரு, எந்த ஆளுக?" சில நேரம் சாதியைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். நான் ஊர் பேரை மட்டும் சொல்லிவிட்டு, "இது எந்த வீட்டுக்காரங்களுக்குக் குலசாமி?" என்று திருப்பிக் கேட்பேன். பிறகு பேச்சு அவர்கள் பங்காளிகள், பழைய சண்டை, யார் இன்னும் கோயில் வரி கட்டவில்லை என்று எங்கேயோ போகும், கதை முழுக்க அதில்தான் இருக்கிறது, பொறுமையாக உட்காருங்கள். கிடா வெட்டு நாளாக இருந்தால் எப்படியும் இலை போட்டு உட்காரச் சொல்வார்கள். மறுக்க வேண்டாம், அந்தச் சோற்றை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாத கோயில்களும் உண்டு, அங்கேயே சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.